கூலியைக் குறைக்காமல் 40,000 துணிப்பை ஆர்டரை எடுக்க வழி உண்டா?

கேள்வி
எழுதியவர்: உசிலம்பட்டி தையல்கூடம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே மூன்று ஆண்டுகளாகத் துணிப்பை தைக்கும் கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். பவர் டேபிள் என்னும் மின் தையல் எந்திரத்தில் தைப்பவர்கள் ஒன்பது பேர், துணி வெட்டுபவர்கள் இருவர், சரிபார்த்து மடித்துக் கட்டுபவர்கள் மூவர் எனப் பதினான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பெரும்பாலோர் முன்பு விடியுமுன் மில் வேனில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பியவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தாய் ஊரில் இருக்க வேண்டும், சனிக்கிழமைக் கூலி ஒரு வாரமும் தவறக் கூடாது என்ற இரண்டையும் எண்ணித்தான் தொழிலைத் தொடங்கினேன். பிளாஸ்டிக் பைக்கு மாற்று என்பது பின்னால் வந்து சேர்ந்த காரணம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சோறு போடுவது கல்யாணத் தாம்பூலப் பைகள்தாம். முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் பாதி எந்திரங்கள் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். அந்த மாதங்களிலும் யாரையும் நிறுத்துவதில்லை என்பதால், தையில் சேரும் பணம் ஆடியில் கரைந்துவிடுகிறது.

இப்போது பல ஊர்களில் மளிகைக் கடைகள் நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று 40,000 பைகள் கேட்டிருக்கிறது. விலை பைக்கு 31 ரூபாய், பணம் 90 நாள் கழித்து. என் கணக்கில் ஒரு பைக்குச் சாயமிட்ட துணி 18 ரூபாய், நூல் 70 காசு, அச்சு 2.50, வெட்டுக்கூலி 1, தையல் 6, சரிபார்த்துக் கட்டுவது 1.30, வாடகை, மின்சாரம், பழுது எல்லாம் சேர்த்து 2.50 ஆக மொத்தம் 32 ரூபாய் அடக்கமாகிறது. மற்றவர்களுக்கு 37 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். தையல் கூலியை ஆறிலிருந்து நாலரையாகக் குறைத்தால் மட்டுமே அவர்கள் விலை கட்டுப்படியாகும். அப்படிக் குறைத்தால் ஒரு நாளில் 90 பை தைக்கும் பெண் 540 ரூபாய்க்குப் பதில் 405 ரூபாயோடு வீட்டுக்குப் போவாள். இந்த ஆர்டரை விட்டுவிட்டாலோ, இரண்டு மாதங்களுக்கு இடைவிடாத வேலை கைநழுவிப் போகும். நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி, "நீங்கள் சேவையாகச் செய்பவர்கள்தானே, லாபம் எதற்கு?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வந்துவிட்டேன். இதே போன்ற தொழில் நடத்தியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


மறுமொழி 1
எழுதியவர்: ஈரோடு காடா துணி வியாபாரி

தங்கைக்கு வணக்கம். இருபத்தைந்து ஆண்டுகளாகத் துணி விற்பவன் என்ற முறையில், கூலியைப் பற்றிப் பேசுமுன் துணியைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் அடக்கத்தில் பாதிக்கு மேல் துணிதான். மீட்டர் 50 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். அப்படியானால் 40,000 பைக்கு 14,400 மீட்டர் வேண்டும். மீட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் உங்கள் கையிலிருந்து 14,400 ரூபாய் போகும். நூல் விலை எப்படி ஏறும் என்பதை 2022இல் எல்லோரும் பார்த்தோம். அந்த மே மாதத்தில் திருப்பூரே கடையடைத்து வேலைநிறுத்தம் செய்தது. அந்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒரே விலை என்று கையெழுத்திட்டுக் கொடுத்த சிறு தையல்காரர்கள் பலர் என் கடைக்கு வந்து கணக்கு முடிக்க முடியாமல் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். ஆகவே நீங்கள் கொடுக்கும் விலைப்புள்ளியில் "இவ்விலை பதினைந்து நாள்களுக்கு மட்டும், அதன்பின் துணி விலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மாறும்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது, திருப்பி அனுப்பப்படும் சரக்கு. கல்யாண வீட்டார் பத்துப் பையில் ஒன்று கோணலாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். பெரிய கடைகளோ ஒரு மூட்டையைப் பிரித்து, ஐந்தில் குறை இருந்தால் முழு லாரியையும் திருப்புவார்கள். எத்தனை சதவீதம் வரை குறையை ஏற்பார்கள், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், திரும்பும் வண்டி வாடகை யாருடையது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். சாயமிட்ட துணியில் இன்னொரு தொல்லையும் உண்டு: இரண்டு முறையாகச் சாயமேற்றிய துணி இரண்டு நிறமாகத் தெரியும். துணி வந்தவுடன் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெட்டுவதற்கு முன்பே திருப்பிவிடுங்கள். வெட்டிவிட்ட துணியை எந்த வியாபாரியும் திரும்ப வாங்க மாட்டான், நான் உட்பட.

சேவை என்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்பவர்கள், தங்கள் கடையில் அந்தப் பையை விற்கும்போது சேவை விலைக்கா விற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.


மறுமொழி 2
எழுதியவர்: மதுரை கணக்குத் தணிக்கையாளர்

மூன்று விஷயங்கள் உங்கள் கணக்கில் விடுபட்டுள்ளன. அவற்றில் பெரியது வட்டி. இரண்டு மாதம் தைத்து அனுப்பி, கடைசிச் சரக்குக்குப் பின் 90 நாள் காத்திருந்தால், நீங்கள் போட்ட பணம் சராசரியாக நான்கு மாதம் வெளியில் நிற்கும். 12,80,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 12,800. நான்கு மாதத்துக்கு 51,200. பைக்கு 1 ரூபாய் 28 காசு ஆகிறது. உங்கள் பெண்களிடமிருந்து குறைக்க நினைத்த ஒன்றரை ரூபாயில் பெரும்பகுதி வாங்குபவருக்கு நீங்கள் தரும் வட்டியில்லாக் கடனாகத்தான் போகிறது. கூலி குறைவதற்கும் தவணை நீள்வதற்கும் இடையே இப்படி ஒரு நேர்த்தொடர்பு இருப்பதைத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் பலரும் கவனிப்பதில்லை.

90 நாள் தவணையை நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். இதை வைத்து வழக்காடப் பயப்படுவது இயல்பு, ஏனென்றால் அடுத்த ஆர்டர் வராது. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் செய்யப்பட்டு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் உங்களுக்காகத் தானே பேசும்: அந்தக் காலக்கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் அவர்களுடைய கணக்காளரே "இந்தப் பெண்ணின் பாக்கியை முடித்துவிடுங்கள்" என்பார். இதற்கெல்லாம் உங்களிடம் உத்யம் என்னும் குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்க வேண்டும், அதுவும் சரக்கு அனுப்புவதற்கு முன்பே இருக்க வேண்டும். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். வாங்கும் நிறுவனத்தின் விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் என்றால், சிறு தொழில்களின் பில்லுக்கு வங்கிகள் பணம் தரும் டிரெட்ஸ் என்னும் இணையத்தளத்தில் அவர்கள் பதிந்திருக்க வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே வங்கிகளிடம் தள்ளுபடிக்கு, அதாவது கொஞ்சம் வட்டி கழித்துக்கொள்ளக் கொடுத்துச் சில நாள்களில் பணம் பெறலாம். அதற்கும் அவர்கள் மசியவில்லை என்றால், இத்தகைய பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழு மதுரையிலேயே இருக்கிறது.

இரண்டாவது, இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. உங்களிடம் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். துண்டுக் கூலி என்பதால் விலக்கு இல்லை. உரிமையாளர் பங்கு 3.25 சதவீதம், பைக்கு நீங்கள் தரும் 8.30 ரூபாய் கூலியில் ஏறக்குறைய 27 காசு. ஆர்டருக்காக ஆள் கூட்டி இருபதைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதியும் வரும். பெண்களின் நலனுக்காக நடக்கும் கூடத்தில், ஊசி விரலில் ஏறிய பெண் தன் காசில் மருத்துவம் பார்த்துக்கொள்ளும் நிலை இருக்கக் கூடாது. மூன்றாவதை அடுத்து எழுதுபவர் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். என்னிடம் வரும் எல்லா இளைஞர்களின் ஏட்டிலும் அந்த ஒரு வரி இருக்காது.


மறுமொழி 3
எழுதியவர்: முன்னாள் செக்கு எண்ணெய்க்காரர்

தணிக்கையாளர் விட்டுவைத்ததை நான் சொல்கிறேன், ஏனென்றால் என் ஏட்டிலும் அது இல்லை. சகோதரி, உங்கள் 32 ரூபாயில் உங்கள் சம்பளம் எங்கே?

நான்கு ஆண்டுகள் செக்கு எண்ணெய் ஆட்டி விற்றேன். மானாவாரிக் கடலை போடும் உழவர்களிடம் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூட்டிக் கொடுத்து வாங்கினேன். நான் சம்பளம் எடுக்கவில்லை என்பதை வெளியில் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நடந்தது என்னவென்றால், என் அம்மாவின் வளையல்கள் அடகுக்கடையில் இருந்துகொண்டு எனக்குச் சம்பளம் கொடுத்தன. உழவர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்தது நான் இல்லை, அந்த வளையல்கள்தாம். எண்ணெயின் உண்மையான அடக்கம் எனக்கே தெரியாமல் இருந்ததால், கட்டுப்படியாகாத விலையில் மூன்று ஆண்டுகள் விற்று, வாடிக்கையாளர்களை அந்த விலைக்குப் பழக்கிவிட்டேன். நாலாம் ஆண்டு விலையை ஏற்றியபோது பாதிப் பேர் போய்விட்டார்கள். மூடப்போகிறேன் என்று உழவர்களிடம் கடைசியாகத்தான் சொன்னேன்; அவர்கள் அந்தப் பட்டத்துக்கும் எனக்காகவே கடலை போட்டிருந்தார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் பேருந்தில் போனால் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

விலையேற்றத்தைப் பெரிய கைகளே தடுமாறித்தான் கற்றன. வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் அமைப்பும் பிரான்சின் பால்பொருள் நிறுவனமான டானோனும் 2006இல் கூட்டுச் சேர்ந்து, சத்துக் குறைந்த பிள்ளைகளுக்காக போக்ராவில் தயிர் ஆலை அமைத்தன. ஒரு கிண்ணம் அந்நாட்டுப் பணத்தில் 5 டாக்கா. 2008இல் பால் விலை ஏறவே, கிண்ணத்தை 8 டாக்கா ஆக்கினார்கள். கிராமங்களில் விற்பனை படுத்துவிட்டது, வீடுவீடாக விற்ற பெண்கள் பலர் விலகிக்கொண்டார்கள். பின்னர் கிண்ணத்தைச் சிறிதாக்கி 6 டாக்காவுக்குக் கொடுத்தார்கள். தலைநகரான டாக்காவின் கடைகளில் கூடுதல் விலைக்கு விற்று அந்த வருவாயைக் கொண்டு கிராமத்து விலையைத் தாங்கினார்கள். நம் மதுரையில் 1976இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் பணம் கொடுக்கக்கூடியவரிடம் வாங்கித்தான் கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகச் செய்கிறது. உங்களிடம் பணம் கொடுக்கக்கூடியவர் கல்யாண வீட்டார். சாப்பாட்டு இலைக்கு நூற்றுக்கணக்கில் செலவழிப்பவர்கள் தாம்பூலப் பைக்கு 37க்குப் பதில் 42 கொடுக்க மாட்டார்களா? மணமக்கள் பெயரை அழகாக அச்சிட்டு, உள்ளே ஒரு சிறு பை வைத்துத் தைத்துக் கேட்டுப் பாருங்கள். மளிகை நிறுவனத்தை அரவிந்தின் இலவச நோயாளியாக நீங்கள் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்; அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை.

இதை வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிவிட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். நான் சொல்லாமல் விட்டவன்.


மறுமொழி 4
எழுதியவர்: துணிப்பையை நம்பாதவன்

எல்லோரும் விலையைப் பேசுகிறீர்கள். நான் பையைப் பேசுகிறேன். பருத்திப் பை என்றாலே இயற்கைக்கு நல்லது என்று அச்சிட்டு விற்பதில் எனக்கு மனத்தடை உண்டு. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலை பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும்; எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. அந்த ஆய்வு கடையில் வாங்கும் பை முறையாக எரிக்கப்படும் நாட்டின் கணக்கு. வாய்க்காலை அடைப்பதையும் மாட்டின் வயிற்றில் சேர்வதையும் அது எண்ணவில்லை என்பதால், நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 52 என்ற எண்ணை மறக்க வேண்டாம். கல்யாணத்தில் வாங்கிய பை ஆணியில் தொங்கியே மட்கினால் அது குப்பைதான்.

உங்கள் பை 52 முறை தாங்குமா? பையில் முதலில் போவது காது, அதாவது கைப்பிடி. காதைப் பையின் வாயோடு ஒரே ஓட்டில் தைத்துவிட்டுப் போனால், ஐந்து கிலோ அரிசியோடு பேருந்து ஏறும்போது ஒரு பக்கம் பிய்ந்துவிடும். கட்டமடித்து நடுவில் குறுக்குத் தையல் போட்டால் தாங்கும், ஆனால் ஒரு பைக்கு அரை நிமிடம் கூடும். கூலியை நாலரையாக்கினால் முதலில் காணாமல் போவது அந்தக் குறுக்குத் தையலாகத்தான் இருக்கும். துண்டுக் கூலிக்குத் தைப்பவர்மேல் அதில் குற்றமே இல்லை.

இன்னொன்று, 31 ரூபாய்க்கு ஆள் கிடைக்காவிட்டால் அவர்கள் நெய்யாத் துணிப்பைக்குப் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறீர்களோ என்னவோ. அது துணியே இல்லை, பாலிபுரொப்பிலீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் உள்ளது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு இழை எடுத்துத் தீயில் காட்டுங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும், மற்றது உருகி மணியாகத் திரளும். கொள்முதல் அதிகாரியின் மேசைமேலேயே செய்து காட்டலாம், சாம்பல் கிண்ணம் இருந்தால்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: உசிலம்பட்டி தையல்கூடம்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கார அண்ணன் கேட்ட கேள்வி இரண்டு இரவு தூங்கவிடவில்லை. மாதம் 15,000 ரூபாய் எனக்கு என்று வைத்தால், நாங்கள் மாதம் தைக்கும் இருபதாயிரம் பைக்கு 75 காசு வருகிறது. இ.எஸ்.ஐ. 27 காசையும் சேர்த்தால் அடக்கம் 33 ரூபாய் 2 காசு. 45 நாள் தவணை என்று வைத்து வட்டியைப் போட்டால் 34ஐ நெருங்குகிறது. 31க்கு எப்படியும் முடியாது என்பது தெளிவாகிவிட்டது. கூலியில் ஒன்றரை ரூபாய் குறைத்திருந்தாலும் நட்டம்தான் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு நடுங்குகிறது.

போன சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும், கணக்கைப் பெரிய காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பெண்களிடம் காட்டினேன். 31 ரூபாய் விலையையும், கூலியைக் குறைக்க நான் யோசித்ததையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவர் மட்டும், "முதலிலேயே கேட்டிருந்தால் நாங்களே வேண்டாம் என்றிருப்போமே" என்று வருத்தப்பட்டார். பிறகு துணி வெட்டும் அக்கா எழுந்து வந்து துணிக் கணக்கின்மேல் விரலை வைத்தார். எங்கள் துணி 48 அங்குல அகலம். பை ஒன்றுக்கு 15 அங்குலம் என மூன்று பை அகலத்தில் வெட்டியதும் ஓரத்தில் மூன்றங்குலத் துண்டு, 36 அங்குல நீளத்துக்கு மிஞ்சும். காது 20 அங்குலம் என்பதால் அந்தத் துண்டில் ஒரு காதுதான் எடுக்க முடிகிறது, மீதி 16 அங்குலம் வேஸ்ட் மூட்டைக்குப் போகிறது. "காதை 18 அங்குலமாக்கினால் அதே துண்டில் இரண்டு வருமே, எத்தனை நாளாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்" என்றார். போட்டுப் பார்த்தேன், பைக்கு ஏறக்குறைய 70 காசுத் துணி மிச்சமாகிறது. மூன்று ஆண்டுகளாக அந்தக் காசை மூட்டை கட்டி எடைக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிறுவனத்துக்கு எழுத்தில் பதில் அனுப்பிவிட்டேன்: முதலில் 15,000 பைகள், பைக்கு 35 ரூபாய், ஆர்டரோடு நாற்பது சதவீதம் முன்பணம், மீதி 45 நாளுக்குள், விலை பதினைந்து நாள் வரை மட்டும், உத்யம் எண் கடிதத்தின் தலைப்பிலேயே. அவர்களுக்குக் கொடுக்கும் பையிலும் காதில் குறுக்குத் தையல் இருக்கும் என்றும் எழுதினேன். இதுவரை பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், ஐப்பசி முகூர்த்தங்களுக்கு வந்த இரண்டு கல்யாண ஆர்டர்களை உள்பையோடு 42 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறேன். ஒருவர் மட்டும், பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை எந்திரத்தில் கிடைக்கிறதே என்று கேட்டார், அவர் கையில் அந்தப் பையையும் எங்கள் பையையும் கொடுத்ததும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

18 அங்குலக் காது வைத்துத் தைத்த மாதிரிப் பை ஒன்று எட்டுக் கிலோ அரிசியோடு நேற்றுக் காலையிலிருந்து கூடத்து ஆணியில் தொங்குகிறது, தையல் இன்னும் விடவில்லை. கையில் பிடிக்கச் சரியாக இருக்கிறது. தோளில் மாட்டினால் உயரமான ஆண்களுக்குக் கொஞ்சம் இறுக்குகிறது. ஈரோட்டு அண்ணனுக்கு ஒரு கேள்வி: 63 அங்குல அகலத்தில் இதே தரத் துணி கிடைக்குமா? நான்கு பை போக அதிலும் மூன்றங்குலம்தான் மிஞ்சும் என்றாலும், வெட்டும் நேரம் குறையும் என்று அக்கா சொல்கிறார். மீட்டர் விலையும், சாயமேற்றிக் கொடுக்க எத்தனை நாள் ஆகும் என்பதும் தெரிந்தால் நல்லது.